வாத்தின் இடது சிறகு

மே 4

அன்புள்ள வானிலைக்கு,

நம் வீட்டில் சாக்ஸ் இனி ஜோடியாக இருக்க வேண்டியதில்லை என்று, சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறையில் கூடிய குடும்பப் பொதுக்குழு தீர்மானித்திருப்பதை உனக்கு முறைப்படி அறிவிக்கிறேன். தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான். பெரியவள் எதிர்த்து வாக்களித்தாள். சின்னவன் மேஜைக்கு அடியில் இருந்தான். அங்கிருந்து வந்த சத்தத்தை ஆதரவு என்று நான் எடுத்துக்கொண்டேன். "அநியாயம்ப்பா, அவன் பென்சிலைக் கடிச்சிட்டிருக்கான், அந்தச் சத்தம்தான் அது" என்று பெரியவள் ஆட்சேபம் தெரிவித்தாள். ஏழு வயதில் இவ்வளவு சட்டம் தெரிந்திருக்கக் கூடாது. ஆட்சேபம் நிராகரிக்கப்பட்டது.

பின்னணி இது. போன வாரம் ஒரு சிவப்புச் சாக்ஸின் துணையைத் தேடப் போய் இரண்டு பேரும் பள்ளி வண்டியைத் தவறவிட்டார்கள். பேருந்து நிறுவனத்தின் காணாமற்போன பொருள் பிரிவில், மற்றவர்கள் தொலைத்ததைத் திருப்பிக் கொடுப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவன் வீட்டில் இது நடந்தது. அலுவலகத்தில் இன்றைய நிலவரப்படி குடைகள் ஓர் அறை நிறைய, பல்செட் மூன்று, ஊன்றுகோல் ஒன்று இருக்கின்றன. ஊன்றுகோலை விட்டுவிட்டு இறங்கிப் போனவர் எப்படிப் போனார் என்று யாரும் கேட்டு வரவில்லை. அவரும் வரவில்லை.

காலை நேரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் எழுப்பினால் சின்னவன் எழுவதில்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு, அவன் பெயருக்கேற்ற பொட்டலமாகவே கிடக்கிறான். நான் கெஞ்சுகிறேன், மிரட்டுகிறேன், ரொட்டியின் வாசனையைக் காட்டுகிறேன். பொட்டலம் அசைவதில்லை. பிறகு, நீ புறப்படும் முன் வாங்கி, உன் குரலைப் பதிந்து வைத்துவிட்டுப் போன அந்த வாத்துக் கடிகாரத்தின் இடது சிறகை அழுத்துகிறேன். "டேய் பொட்டலம், எந்திரி. தூங்குற மாதிரி நடிக்காத, எனக்குத் தெரியும். பல்லு தேய். அக்காவைக் கடிக்காத" என்கிறாய் நீ. உடனே எழுந்து நிற்கிறான். "சரிம்மா" என்று வாத்திடம் சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போகிறான். இந்த வீட்டில் எனக்கு மேல் இரண்டு அதிகாரிகள். ஒருத்தி தீவில் இருக்கிறாள். இன்னொன்று பிளாஸ்டிக்.

நல்ல செய்தியும் உண்டு. பை ஒன்றுக்குள் சவர இயந்திரம் தானாக ஓடி, வெடிகுண்டு என்று நிலையத்தையே காலி செய்தோமே, அதற்குப் பிறகு நான் எழுதிய விதியை மேலிடம் பாராட்டியிருக்கிறது. பேட்டரியில் இயங்கும் எந்தப் பொருள் வந்தாலும் வாசலிலேயே பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும் என்ற விதி. எல்லாக் கிளைகளிலும் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப் போகிறார்கள். என் எழுத்து அச்சேறுவது இதுவே முதல் முறை.

ஆகஸ்ட் முடிவில் உனக்குப் பதில் ஆள் வந்துவிடுவார் அல்லவா? சும்மாதான் கேட்டேன்.

இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது.

உன்,
கண்டெடுத்தவன்


மே 15

என்னங்க,

கடிதம் கிடைத்தது. முதல் பக்கம் முழுக்கச் சாக்ஸ். இரண்டாவது பக்கத்தில் பல்செட். சின்னவனுக்கு இருமல் நின்றதா என்று கேட்டிருந்தேன். பெரியவளுக்குக் கணக்கு வாத்தியார் மேல் இன்னும் பயம் இருக்கிறதா என்று கேட்டிருந்தேன். இரண்டுக்கும் பதில் இல்லை. மறுபடியும் கேட்கிறேன்.

இங்கே நானும் மூத்த ஆய்வாளரும்தான். மற்றவை எல்லாம் பறவைகள். காற்றின் வேகம், மழையின் அளவு, அலையின் உயரம் மூன்றையும் காலையும் மாலையும் எடுக்கிறோம். வயர்லெஸ்ஸில் அந்த மூன்றும் போகலாம். மனைவியின் வீட்டுப் பேச்சு போகக் கூடாது. கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் பழக்கமாயிடும்மா. எனக்குக் கல்யாணமே வயர்லெஸ்ல குறிப்பு அனுப்பிச்ச மாதிரிதான் நடந்துச்சு, மனைவி வந்து பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டா" என்றார் மூத்தவர். அவர் சொன்னது நகைச்சுவையா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. காலை அறிக்கையை அவர்தான் மைக்கில் படகுகளுக்கு வாசிக்கிறார். ஓட்டை டிரம்மில் கூழாங்கல் உருள்வது போலக் குரல். தொண்டை நாளுக்கு நாள் மோசமாகிறது.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதிலாக வரவேண்டியவர் தீவின் புகைப்படத்தைப் பார்த்தாராம். உடனே அவருக்கு முதுகு வலி வந்துவிட்டது. இன்னும் ஆறு மாதம் இருக்க முடியுமா என்று தலைமை அலுவலகம் கேட்டிருக்கிறது. நான் இன்னும் பதில் அனுப்பவில்லை.

இந்த வேலை இரண்டு முறை என் கைக்கு வந்து போனது உங்களுக்குத் தெரியும். முதல் முறை பெரியவள் வயிற்றில். இரண்டாம் முறை சின்னவன். மூன்றாம் முறை "போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னது நீங்கள். படகுத்துறையில் நான் என்ன சொன்னேன்? "ரெண்டே வாரத்துல 'வா'ன்னு எழுதப் போறீங்க பாருங்க" என்றேன். "அந்த வார்த்தையை எழுதவே மாட்டேன்" என்றீர்கள். எழுதவில்லை. சொன்ன சொல் தவறாதவர் என்று எனக்கு முன்பே தெரியும்.

அதனால் நேரடியாகவே கேட்கிறேன். ஆறு மாதத்துக்கு என்ன சொல்ல?

சின்னவன் வாத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போகவிடாதீர்கள். தொலைத்துவிடுவான்.

நான்


மே 29

அன்புள்ள வானிலைக்கு,

இருமல் நின்றுவிட்டது. கணக்கு வாத்தியாருக்கு இப்போது பெரியவள் மேல் பயம். உன் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லியாயிற்று.

உன் கடைசி வாக்கியத்துக்கும் பதில் உண்டு. சின்னவன் வாத்தைத் தொலைத்துவிட்டான். உன் எச்சரிக்கை எனக்குக் கிடைத்தபோது வாத்து தொலைந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பெரியவளைப் பல் மருத்துவரிடம் கூட்டிப் போய்த் திரும்பும் வழியில், பேருந்தில், ஜன்னலோரத்தில், "வாத்து வேடிக்கை பாக்கட்டும்" என்று உட்கார வைத்திருக்கிறான். இறங்கும்போது நான் இரண்டு குழந்தைகளையும் எண்ணினேன். வாத்தை எண்ணவில்லை.

அன்று வீட்டில் நடந்ததை எழுதி உன்னைக் கலங்கடிக்க மாட்டேன். கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி, யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமா என்று கேட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் கலங்கவில்லை. நகரத்தில் பேருந்தில் தொலைந்த பொருளெல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் என் மேஜை. சின்னவனிடம், "அப்பா ஆபீஸ்ல இருக்கும்டா, நாளைக்குக் கொண்டு வரேன்" என்றேன். பிறந்ததிலிருந்து முதல் முறையாக அவன் என்னை மரியாதையோடு பார்த்தான்.

மறுநாள் சீல் அக்கா எனக்காகவே காத்திருந்தார். உனக்குத் தெரியுமே, பொருள்களைக் கட்டி அரக்கு வைக்கும் அக்கா. நான் வருவதற்கு முன்பே பிறந்த விதிகளையும் என்னைவிட நன்றாக அறிந்தவர்.

"சார், உங்க வீட்டு வாத்து மாதிரியே ஒண்ணு வந்திருக்கு. வயித்துல கடிகாரம்."

"மாதிரி இல்லக்கா, அதேதான். குடுங்க."

"குடுத்திரலாம். அடையாளம் சொல்லுங்க."

"அக்கா!"

"மேலாளரே வந்தாலும் அடையாளம் கேக்கணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

சொன்னேன். மஞ்சள் உடம்பு. அலகில் பல் தடம். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பல் தடத்தைச் சரிபார்த்தார். திருப்தி. கையெழுத்து வாங்கினார். வாத்து என் கைக்கு வந்தது. எடை குறைவாக இருந்தது.

"அக்கா, பேட்டரி?"

"வாசல்லயே கழட்டிட்டேன் சார். இந்தாங்க, தனிக் கவர்ல போட்டு ஒட்டி சீல் வெச்சிருக்கேன். நம்ம விதி சட்டம் போட்டு மாட்டினதுக்கு அப்புறம் வந்த முதல் பொருள் இதுதான்!"

அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. நான் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்ல? வாத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. நாம் வாங்கியபோது படிக்கவில்லை. பேட்டரியைக் கழற்றினால் பதிவு செய்த குரல் அழிந்துவிடும் என்கிறது அது. பேட்டரியைப் போட்டேன். இடது சிறகை அழுத்தினேன். க்ளிக் என்றது. அவ்வளவுதான். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என்னுடையது சட்டம் போட்டு, கண்ணாடிக்குப் பின்னால் நின்று சுட்டது.

சின்னவன் வாத்தைக் காதில் வைத்து நெடுநேரம் அழுத்திக்கொண்டிருந்தான். "அம்மா பேச மாட்டேங்குது. கோவமா?" என்று கேட்டான். "இல்லடா, களைப்பு" என்றேன். "தொலைச்சதுக்குக் கோவம்" என்று அவனே முடிவு செய்துகொண்டான். நான் எவ்வளவு சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை.

மறுநாள் நானே வாத்துக்குள் பேசிப் பதிவு செய்தேன். குரலைக் கொஞ்சம் மெலிதாக்கிக்கொண்டேன் என்பதை மறைப்பதற்கில்லை. சிறகை அழுத்தியதும் பொட்டலத்துக்குள்ளிருந்து பதில் வந்தது: "இது அப்பா." திரும்பிப் படுத்தான். அன்று முதல் அவனை நான் போர்வையோடு தூக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் இறக்குகிறேன். அலுவலகத்துக்குத் தினமும் தாமதம். ஏன் தாமதம் என்று விளக்கம் கேட்டார்கள். "சொந்தக் காரணம்" என்று எழுதினேன். இவ்வளவு துல்லியமாக நான் எதையும் எழுதியதில்லை.

வாத்தை உனக்கு அனுப்பி, நீ பேசித் திருப்பி அனுப்பினால் என்ன என்று தோன்றியது. அஞ்சல் நிலையம் போனேன். பேட்டரியோடு பார்சல் வாங்க மாட்டார்களாம். பேட்டரி இல்லாமல் அனுப்பினால் நீ பேசியது திரும்பும் வழியில் அழிந்துவிடும். அந்த விதியை எழுதியவர் யாரென்று தெரியவில்லை. சந்தித்துக் கைகுலுக்க ஆசை.

உன் ஆறு மாதத்தைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். யோசிக்க வேண்டிய விஷயம். மற்றபடி எல்லாம் ஒழுங்கு.

க.


ஜூன் 10

என்னங்க,

உங்கள் கடிதத்தைப் பாறை மேல் உட்கார்ந்து படித்தேன். பிறகு கொஞ்ச நேரம் காற்றுமானியைத் திட்டினேன். அது ஒன்றுதான் இங்கே சுற்றிக்கொண்டே கேட்கும்.

சீல் அக்காவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. வாத்தின் மேலும் இல்லை. "இறங்கும்போது இரண்டு குழந்தைகளையும் எண்ணினேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது. நான் கோபமாக இருப்பதாகச் சின்னவன் நினைத்துக்கொண்டு தூங்கப் போகிறான். அதை இங்கிருந்து என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அலையின் உயரத்தை விரல் அளவுக்குச் சரியாகச் சொல்லிவிடுகிறேன்.

குரலைப் பிடித்து அனுப்ப இங்கே கருவி இல்லை. இருந்த டேப்ரிக்கார்டரை உப்புக் காற்று தின்றுவிட்டது. புதிது கேட்டு எழுதினோம். தலைமை அலுவலகம் மை அனுப்பியது.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. மூத்தவருக்குத் தொண்டை முழுக்கக் கட்டிவிட்டது. ஜூன் முழுவதும் காலை அறிக்கையை நான்தான் வாசிக்கப் போகிறேன். ரேடியோவில் மத்திய அலைவரிசையில், முள்ளை வலது கோடிக்குக் கொண்டு போனால் கிடைக்கும். வீட்டுக்குள் எடுக்காது. மொட்டை மாடிக்குப் போங்கள். இருபத்தொன்றாம் தேதி காலை, அறிக்கை முடிந்ததும் மைக்கை அணைக்கும் முன் சின்னவனிடம் இரண்டு வரி பேசப் போகிறேன். ஒழுங்குமுறைப்படி தவறு. மூத்தவரிடம் சொன்னேன். அவரால் பேச முடியாது, அதனால் தலையை மட்டும் ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

ரேடியோவை அவன் காதருகே வையுங்கள். வாத்திலும் பதிவு செய்துகொள்ளுங்கள். இருபத்தொன்று. மறக்க வேண்டாம். ஒரு முறைதான் முடியும்.

ஆறு மாதத்துக்கு உங்கள் பதில் இந்த முறையும் வரவில்லை. தலைமை அலுவலகம் மறுபடி கேட்டது. உங்களுடைய அடுத்த கடிதத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். அதில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான்.

நான்


ஜூன் 26

அன்புள்ள வானிலைக்கு,

உன் கடிதம் இருபத்துநான்காம் தேதி வந்தது.

கடல் கொந்தளிப்பால் படகு புறப்படவில்லையாம். சிறு படகுகள் தீவை விட்டுக் கிளம்ப வேண்டாம் என்று தொடர்ந்து எச்சரிக்கை இருந்ததாகத் துறைமுகத்தில் சொன்னார்கள். எச்சரித்தது ஒரு பெண் குரல் என்றும் சொன்னார்கள்.

இருபத்தொன்றாம் தேதி காலை நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நினைவுகூர்ந்து பார்த்தேன். சின்னவனைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் இறக்கிக்கொண்டிருந்தேன்.

கடிதம் வந்த மறுநாளே மாடிக்குப் போனோம். என் அலுவலகத்தில் யாரும் கேட்டு வராத ரேடியோ ஓர் அலமாரி நிறைய இருக்கிறது. ஒன்றையும் தொட எனக்கு உரிமை இல்லை. தெருமுனைச் சலூன்காரர் தன்னுடையதைக் கொடுத்ததோடு, ஏரியலைப் பிடிக்கத் தானே கூட வந்தார். ஒரு வாடிக்கையாளரைப் பாதி முகச் சவரத்தோடு விட்டுவிட்டு வந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. முள்ளை வலது கோடிக்குத் தள்ளினோம். நிறைய இரைச்சல். பிறகு நீ வந்தாய்.

"தென்மேற்குத் திசையிலிருந்து பலத்த காற்று வீசும். கடல் சீற்றத்துடன் காணப்படும். சிறு படகுகள் கரை திரும்பவும்."

எவ்வளவு தெளிவு. மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். சலூன்காரர், "நல்ல குரல் சார். இதைக் கேட்டுக்கிட்டே சவரம் பண்ணா கத்தி பிசகாது" என்றார். சின்னவன் ரேடியோவில் காதை ஒட்டிக்கொண்டு கேட்டான். பிறகு நிமிர்ந்தான்.

"யாருப்பா இது?"

"அம்மாடா! நல்லாக் கேளு" என்றாள் பெரியவள்.

"இது நியூஸ்."

"நியூஸ் படிக்கிறதே அம்மாதான்டா, லூசு."

"அம்மா டேய்னு சொல்லும். இது சொல்லல." கொஞ்சம் யோசித்தான். "அம்மா இன்னும் கோவமாத்தான் இருக்கு."

படியிறங்கிப் போய்விட்டான். நீ அடுத்து அலையின் உயரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாய். நாங்கள் மூன்று பேரும் கடைசிவரை நின்று கேட்டோம். பாதியில் போவது மரியாதை இல்லை என்று தோன்றியது.

இன்னொரு நாளைக்கு அந்த இரண்டு வரியைச் சொல்ல முடியுமா என்று கேட்க நினைத்தேன். ஒரு முறைதான் முடியும் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதனால் இது கேள்வி அல்ல, நினைத்ததை மட்டும் தெரிவிக்கிறேன்.

இப்போது ஆறு மாதம். இந்தப் பத்தியை நாலு தாளில் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இரண்டு முறை உன் கையை விட்டுப் போன வேலை இது. மூன்றாவது முறை, மேஜைக்கு அடியில் பென்சில் கடிக்கும் ஒருவனைக் காட்டி அதைப் பறிக்கிற ஆளாக நான் இருக்க விரும்பவில்லை. படகுத்துறையில் சொன்னதும் நினைவிருக்கிறது. நீ எது முடிவு செய்தாலும் சரி. இங்கே எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது.

பெரியவள் உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள். வாத்தில் எப்படிப் பதிவு செய்வது என்று கேட்டாள். காட்டிக் கொடுத்தேன்.

க.


ஜூலை 9

என்னங்க,

இருபத்தொன்றாம் தேதி நான் பேசியதை யாரும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு. இந்தக் கடலில் அன்று இருந்த எல்லாப் பெரிய படகுகளும் கேட்டன.

அறிக்கையை முடித்தேன். மூச்சை இழுத்துக்கொண்டேன். "டேய் பொட்டலம், எந்திரி. அம்மாவுக்கு உன் மேல கோவமே இல்லடா. பல்லு தேய்" என்றேன். அவ்வளவுதான். மைக்கை அணைத்துவிட்டு அழுதேன், அது அறிக்கையில் சேராது. உடனே வயர்லெஸ் கூப்பிட்டது. ஒரு படகுத் தலைவர். "மேடம், பொட்டலம் எந்தப் பக்கம் எந்திரிச்சிருக்கு? புதுப் புயலா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் இன்னொருவர், "கோவம் இல்லன்னு சொன்னாங்கல்ல, அப்ப வலுவிழந்துடுச்சு" என்றார். மூன்றாமவர் எதற்கும் இருக்கட்டும் என்று கரை திரும்பிவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் திரும்பினார்கள். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கொடி ஏற்றிவிட்டார்கள். அன்று யாரும் மீன் பிடிக்கவில்லை.

தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டது. எழுதினேன். பொட்டலம் என்பது வளிமண்டல நிகழ்வு அல்ல, நான்கு வயதுப் பையன் என்று அரசாங்கக் காகிதத்தில், தட்டச்சில். இனி மைக்கைத் தொடக் கூடாது என்று உத்தரவு. மூத்தவருக்குத் தொண்டை சரியாகிவிட்டது. கூழாங்கல் மறுபடி உருள்கிறது. "போனாப் போகுதும்மா. நான் இத்தனை வருஷம் வாசிச்சேன், ஒருத்தன்கூடத் திரும்பிக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்டதில்ல" என்றார். அதை ஆறுதல் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

உங்கள் கடைசிப் பத்தியைப் பல முறை படித்தேன். வரிகளுக்கு நடுவில் ஏதாவது இருக்கிறதா என்று விளக்கில் காட்டிக்கூடப் பார்த்தேன். நான் அளவு எடுக்கிறவள். முள் எங்கே நிற்கிறதோ அதைத்தான் குறிக்கத் தெரியும். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று முதல் கடிதத்தில் எழுதினீர்கள். இரண்டாவதில் எழுதினீர்கள். மூன்றாவதிலும். ஒரு முறையாவது, ஒரே ஒரு எழுத்து எழுதியிருந்தால் அடுத்த படகில் ஏறியிருப்பேன். எழுதவில்லை. அப்படியென்றால் நான் இல்லாமல் நடக்கிறது என்று அர்த்தம். அது நல்ல செய்திதான். அதைப் படித்துவிட்டு எனக்கு ஏன் சோறு இறங்கவில்லை என்று தெரியவில்லை.

ஆறு மாத நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். விளக்கம் கேட்ட சமயத்தில் மறுத்தால், பயந்து ஓடுகிறாள் என்று கோப்பில் ஏறும். அதுவும் ஒரு காரணம். உங்களுக்கு இந்தக் கடிதம் கொண்டுவரும் அதே படகில் அதுவும் வருகிறது.

காலையில் இப்போது யார் எழுப்புகிறார்கள்? அவன் இன்னும் நான் கோபமாக இருப்பதாக நினைக்கிறானா? இதற்கு மட்டுமாவது நேரான பதில் எழுதுங்கள்.

நான்


ஜூலை 24

அன்புள்ள வானிலைக்கு,

கடிதம் கிடைத்ததும் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். உன் கையெழுத்து அன்று காலையே போய்ச் சேர்ந்து முத்திரையும் வாங்கிவிட்டதாம்.

"திரும்பப் பெற முடியுமா?" என்று கேட்டேன்.

"நீங்க யாரு சார்?"

"கணவர்."

"அதுக்கு இங்க பிரிவு இல்லையே சார்."

ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். என் அலுவலகத்திலும் அப்படித்தான் சொல்வோம். தொலைத்தது உங்கள் பொருள்தான், ஆனால் கெடு முடிந்துவிட்டது என்று தினமும் யாரிடமாவது சொல்கிறேன். வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று இப்போது தெரிகிறது. சுவரில் சட்டம் போட்ட விதி இருக்கும்.

படகுத்துறையில் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் இனி லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதனால் எழுதுகிறேன். வா. நாலு தாள் கிழித்தேன் என்றேனே, நாலிலும் இதுதான் இருந்தது.

நீ கேட்டதற்கு நேரான பதில். நீ கோபமாக இருப்பதாக அவன் இப்போது நினைப்பதில்லை. வாத்து மறுபடி பேசுகிறது. பெரியவள் ஒரு மாலை அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. மறுநாள் காலை வழக்கம் போல் பொட்டலத்தைத் தூக்கக் குனிந்தேன். அவள் என்னைத் தள்ளிவிட்டுச் சிறகை அழுத்தினாள். "டேய் பொட்டலம், எந்திரி. தூங்குற மாதிரி நடிக்காத, எனக்குத் தெரியும். கோவமெல்லாம் போயிடுச்சு. பல்லு தேய்." உன் குரல் இல்லை. ஆனால் நீ "எந்திரி"யில் நிறுத்துகிற இடத்தில் நிறுத்துகிறாள். "எனக்குத் தெரியும்" என்பதில் உனக்கு மூக்கு அடைத்தாற்போல வருமே, அதுவும் வருகிறது.

சின்னவன் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினான். வாத்தைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். யார் பேசியது என்று அவனுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். எழுந்து நின்று, "சரிம்மா" என்றான்.

அலுவலகத்துக்கு இப்போது நேரத்துக்குப் போகிறேன். சீல் அக்கா, "வீட்ல எல்லாம் சரியாயிடுச்சா சார்?" என்று கேட்டார். சரியாகிவிட்டது என்றேன். பெரியவள் இப்போது எதையும் எதிர்த்து வாக்களிப்பதில்லை. விளையாட்டு நேரத்தில் உட்கார்ந்து அவனுடைய பையை அடுக்குகிறாள். வாத்தின் பேட்டரி தீர்ந்துபோய்விட்டது. புதிது வாங்கி வருகிறேன் என்றேன், "வேண்டாம்ப்பா, நானே எழுப்பிக்கறேன்" என்றாள்.

சாக்ஸ் பற்றிய தீர்மானம் ரத்தாகிவிட்டது. பொதுக்குழு எதுவும் கூட்டப்படவில்லை. எல்லாச் சாக்ஸும் ஜோடி ஜோடியாக உருட்டி டிராயரில் இருக்கின்றன. இன்று காலை சின்னவன் வாசலில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, என் சிவப்புச் சாக்ஸ் எங்க?" என்று கேட்டான். பெரியவள் எடுத்துக் கொடுத்தாள்.

க.